ஆற்றங்கரை சஃபாரி விடுதி: சம்புருவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கென்யாவின் சம்புரு காப்பகத்தில் நானும் என் மனைவியும் தங்கியது மூன்று இரவு. அதற்கான ஏற்பாடுகள் ஐந்து மாதம் இழுத்தன. அதில் பாதிக் காலம் செய்த வேலையைத் திருத்துவதிலேயே போயிற்று. விலையைத் தவறாகப் படித்தேன், பெட்டியைத் தவறாக வாங்கினேன், தடுப்பூசியை மறந்தேவிட்டேன். காட்டு யானை எங்களை ஒன்றும் செய்யவில்லை. காகிதங்கள்தான் படுத்தி எடுத்தன. அந்தப் பாட்டை நீங்களும் படவேண்டாம்.

இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நைரோபியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டர். முள்மரமும் செம்மண்ணும் பாறைக் குன்றுமாக வறண்டு கிடக்கும் பூமி. நடுவே எவாசோ இங்கிரோ ஆறு. வடகரையில் சம்புரு தேசியக் காப்பகம், தென்கரையில் பஃபலோ ஸ்பிரிங்ஸ், கிழக்கே சற்றுத் தள்ளி ஷாபா. விடுதிகளில் பல இந்த ஆற்றை ஒட்டியே இருக்கின்றன. நம் ஊரில் லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் அறை நினைவுக்கு வரும். அங்கே அதே சொல்லுக்கு ஒரு இரவு வாடகை நம்மில் பலருடைய ஒரு மாத வீட்டு வாடகையைத் தாண்டும். அதனால்தான் இத்தனை எச்சரிக்கை.

1. முதலில் மாதம், பிறகு விடுதி

ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரையிலும், மீண்டும் ஜனவரி, பிப்ரவரியிலும் வறட்சிக் காலம். மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை பெருமழை. நவம்பரை ஒட்டிச் சிறுமழை. வறட்சிக் காலத்தில் வேறெங்கும் தண்ணீர் இல்லாததால் விலங்குகள் ஆற்றுக்கு வந்தே ஆகவேண்டும். விடுதித் திண்ணையில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்டில் விலை உச்சம். மழை மாதங்களில் விலை நன்றாகக் குறையும். ஆனால் சில விடுதிகள் ஏப்ரல், மே மாதங்களில் மூடியே இருக்கும். திறந்திருப்பவற்றுக்குப் போகும் மண்பாதை சேறாகிவிடும்.

ஆற்றைப் பற்றி இரண்டு செய்திகளை எந்த விளம்பரமும் சொல்லாது. ஒன்று, கடும் வறட்சியில் ஆறு ஆறாக இருக்காது. படத்தில் பார்த்த பழுப்பு நீருக்குப் பதில் அகலமான மணல்வெளி கிடக்கும். அதற்காக வருந்த வேண்டாம். நாங்கள் போனபோது ஆற்றில் கணுக்கால் அளவு நீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் யானை அதைச் சீந்தவே இல்லை. நட்டாற்று மணலை முன்காலால் உதைத்து உதைத்துக் குழி பறித்து, ஊறிய தெளிநீரைத் துதிக்கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் குடித்தது. குட்டி தன் துதிக்கையை அந்தக் குழிக்குள் விடப் பார்த்து, எட்டாமல் மண்டியிட்டது. வைகையில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு அந்த வேலை புரியும்.

இரண்டாவது, வெள்ளம். இந்த ஆற்றுக்கு நீர் கென்யா மலையிலிருந்தும் அபெர்டேர் மலைத்தொடரிலிருந்தும் வருகிறது. விடுதிக்கு மேலே வானம் பளிச்சென்று இருக்கும்போதே, எங்கோ மலையில் பெய்த மழை இங்கே கரை புரளும். 2010 மார்ச்சில் வந்த வெள்ளம் கரையோர விடுதிகள் பலவற்றை அடித்துச் சென்றது. முன்பதிவு செய்யும்போதே, அறை ஆற்றிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். மழை மாதத்தில் போவதானால் கட்டாயம் கேளுங்கள். “ஆற்றைப் பார்த்த அறை” என்றால் கூடுதல் கட்டணம் உண்டு. வறட்சிக் காலத்தில் அது கொடுக்கத் தகுந்த பணம். மழைக் காலத்தில் நான் இரண்டாவது வரிசை அறையைத்தான் கேட்பேன்.

2. விலைப் பட்டியலைப் படிக்கும் முறை

நான் சறுக்கிய இடம் இதுதான். ஒரு முகவர் அனுப்பிய விலை மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. மகிழ்ந்து முன்பணம் கட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அது அறைக்கும் மூன்று வேளை உணவுக்கும் மட்டுமான விலை. காட்டுக்குள் சுற்றிப் பார்க்கும் வண்டி, காப்பக நுழைவுக் கட்டணம், விமானத் திடலிலிருந்து அழைத்து வருவது எல்லாம் தனி. கூட்டிப் பார்த்தால் மற்றவர்கள் சொன்ன தொகையையும் தாண்டியிருந்தது.

ஆகவே விலை கேட்கும்போதே இவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள்:

அ) ஒரு நாளைக்கு எத்தனை முறை வண்டியில் சுற்றுவார்கள், அது விலையில் அடக்கமா? வழக்கமாகக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.
ஆ) வண்டி உங்களுக்கு மட்டுமா, பிற விருந்தினரோடு பகிர்ந்துகொள்வதா?
இ) காப்பகக் கட்டணம் அடக்கமா?
ஈ) விலை ஒரு ஆளுக்கா, அறைக்கா? பெரும்பாலும் ஆளுக்குத்தான். தனியாகப் போகிறவருக்குக் கூடுதல் தொகை உண்டு.
உ) இது வெளிநாட்டவருக்கான விலைதானா? இணையத்தில் கண்ணைப் பறிக்கும் மலிவு விலை பல நேரம் கென்யக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் உரியது. அதை நம்பிப் பணம் கட்டினால், போய்ச் சேரும்போது வித்தியாசத்தைக் கேட்பார்கள்.

நடுத்தர விடுதிகளில் உணவோடு ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 150 முதல் 300 டாலர் என்று வைத்துக்கொண்டு திட்டமிடலாம். சொகுசுக் கூடார முகாம்கள் 500 டாலரில் தொடங்கி மேலே மேலே போகும். கூடாரம் என்றதும் தரையில் படுக்க வேண்டியிருக்குமோ என்று என் மனைவி பயந்தார். கட்டில், கொசுவலை, வெந்நீர்க் குழாய் எல்லாம் உள்ள அறைதான். சுவர் மட்டும் துணி.

3. காப்பகக் கட்டணமும் 24 மணிக் கணக்கும்

சம்புரு, கென்ய வனவிலங்குத் துறையின் தேசியப் பூங்கா அல்ல. மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கும் காப்பகம். எனவே தேசியப் பூங்காக்களுக்கான இணையதளத்தில் போய் டிக்கெட் தேடாதீர்கள். நாங்கள் போனபோது வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு 70 டாலர். கட்டணங்கள் மாறுகின்றன, அன்றைய தொகையையும், வாயிலில் ரொக்கம் வாங்குவார்களா, அட்டையா என்பதையும் விடுதியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணம் நாட்காட்டி நாளுக்கு அல்ல, 24 மணி நேரத்துக்கு. முதல் நாள் பகல் ஒரு மணிக்கு நுழைந்தால் நான்காம் நாள் பகல் ஒரு மணிக்குள் வெளியேற வேண்டும். மூன்று நாள் கட்டணம் அதற்குள் அடங்கும். ஒரு மணியைத் தாண்டினால் நான்காம் கட்டணம். கடைசி நாள் நிதானமாக மதிய உணவை முடித்துக் கிளம்பலாம் என்று நாங்கள் இருந்தோம். ஓட்டுநர் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பழத்தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். இருவருக்கு 140 டாலர் மிச்சம்.

இன்னொரு சிக்கல்: பெயரில் சம்புரு என்று இருக்கும் விடுதி உண்மையில் தென்கரையில், பஃபலோ ஸ்பிரிங்ஸ் எல்லைக்குள் இருக்கலாம், அல்லது வடக்கே ஊர் மக்களே பராமரிக்கும் சமூகக் காப்பு நிலத்தில் இருக்கலாம். கட்டணம் யாருக்கு, ஒரு டிக்கெட் இரு கரைக்கும் செல்லுமா என்பது அதைப் பொறுத்தது. வரைபடத்தில் விடுதி எந்தக் கரையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

4. நுழைவு அனுமதி

2024 ஜனவரி முதல் கென்யா பழைய விசாவை நீக்கிவிட்டு மின்னணுப் பயண அனுமதி முறைக்கு வந்துவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டு, இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டுக்கும் இது வேண்டும். அடிப்படைக் கட்டணம் 30 டாலர். அட்டையில் கட்டும்போது சற்றுக் கூடும். கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம்.

தேவைப்படுபவை: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, முகப்படம், போக வர விமானச்சீட்டு, தங்குமிட முன்பதிவு. இந்தக் கடைசி ஆவணத்தால்தான் வேலைகளின் வரிசை முக்கியமாகிறது. விடுதி உறுதியாகாமல் விண்ணப்பிக்க முடியாது. அதனால் முன்பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையோடு விடுதியைப் பிடியுங்கள். நைரோபியில் ஒரு இரவு தங்கினால் அந்த முன்பதிவையும் சேர்த்து ஏற்றுங்கள்.

மூன்று வேலை நாளில் கிடைத்துவிடும் என்பார்கள். நான் இரண்டு வாரம் ஒதுக்கச் சொல்வேன். அனுமதி கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் ஆறு மாதம் முன்பே விண்ணப்பிப்பதும் வீண். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் தளங்களில் பல, அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி இரண்டு மூன்று மடங்கு வசூலிக்கும் இடைத்தரகர்கள். முகவரி ‘ஜிஓ டாட் கேஇ’ என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே அட்டை எண்ணைத் தட்டுங்கள்.

5. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா இதைக் கேட்பதில்லை. ஆகவே தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம். கேட்பது திரும்பி வரும்போது இந்தியா. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதியில் இடமிருக்கிறது. கல்யாண வீட்டுக்கு நேராகப் போகலாம் என்று தேதி போட்டிருந்தால் அவ்வளவுதான்.

ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுதும் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போடமாட்டார்கள். அங்கீகாரம் பெற்ற மையங்கள் மட்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்டவை. குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள் என்பதால் முன்பே பதிவு செய்துகொண்டு, அசல் கடவுச்சீட்டோடு போங்கள். நான் விமானத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் விழித்துக்கொண்டேன். இடம் கிடைத்தது பதினாறாம் நாளில். இடையில் தூங்கிய இரவுகளை எண்ணிவிடலாம். நீங்கள் இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையில் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அந்த மேசையிலேயே சரிபாருங்கள்.

60 வயதைக் கடந்தவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதே முறை மலேரியா மாத்திரையையும் எழுதி வாங்குங்கள். சம்புரு மலேரியா உள்ள பகுதி. சில மாத்திரைகளை ஊர் திரும்பிய பின்னும் ஒரு வாரம், சிலவற்றை நான்கு வாரம் விழுங்க வேண்டும்; பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

6. சாலையா, சிறுவிமானமா

சாலை வழி ஐந்தாறு மணி நேரம். திக்கா, கரட்டினா, நன்யுகி, இசியோலோ, ஆர்ச்சர்ஸ் போஸ்ட். ஆர்ச்சர்ஸ் போஸ்ட்வரை தார்ச்சாலைதான். ஓட்டுநரோடு நான்கு சக்கர இயக்க வண்டிக்கு ஒரு நாளைக்கு 200 டாலரை ஒட்டி ஆகும். நால்வர் சேர்ந்தால் இதுதான் லாபம். அதே வண்டியிலேயே காட்டுக்குள்ளும் சுற்றிக்கொள்ளலாம். திமாவ் பக்கம் கோதுமை வயலும் குளிர்காற்றுமாக இருக்கும். அங்கிருந்து சாலை சரசரவென்று கீழிறங்கி, சிறிது நேரத்தில் இசியோலோவின் அனல் முகத்தில் அடிக்கும். ஸ்வெட்டரைக் கழற்றிய கையோடு குடிநீரை எடுக்க வேண்டியிருக்கும்.

காலை ஆறு மணிக்கு நைரோபியை விட்டுவிடுங்கள். ஏழரைக்குக் கிளம்பினால் நகர நெரிசலிலேயே ஒரு மணி நேரம் போகும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுதும் மாலை ஆறரை வாக்கில் இருட்டிவிடும்; அதன்பின் அந்தச் சாலையில் போவதும் சரியல்ல, காப்பக வாயிலும் திறந்திராது.

விமானம் என்றால் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். இதில் சிக்கிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. முதலாவது, விமான நிலையம். உங்கள் பன்னாட்டு விமானம் இறங்குவது ஜோமோ கென்யாட்டா நிலையத்தில். சிறுவிமானம் கிளம்புவது வில்சன் நிலையத்தில். இரண்டும் வேறு வேறு இடம், இடையில் நைரோபிப் போக்குவரத்து. ஒரு இரவு நைரோபியில் தங்கிவிடுவது நிம்மதி. இரண்டாவது, சாமான். கைப்பையையும் சேர்த்து 15 கிலோ, அதுவும் மடங்கும் துணிப்பையில். நான் இதற்கென்றே புதிதாக வாங்கிய கெட்டிப் பெட்டியைப் பார்த்ததும் முகப்பில் இருந்த பெண் சிரித்துவிட்டார். பெட்டி வில்சனிலேயே தங்கியது. நான்கு நாள் துணிகளை ஒரு கோணிப்பை போன்ற பையில் திணித்துக்கொண்டு பறந்தேன். எந்த விமானத் திடலில் இறக்குவார்கள் என்பதையும் விடுதிக்குச் சொல்லிவையுங்கள். அந்தப் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட திடல்கள் இருக்கின்றன.

7. பையில் வைக்க வேண்டியதும் கூடாததும்

பிளாஸ்டிக் பையை மறந்துவிடுங்கள். 2017 முதல் கென்யாவில் அது தடை. 2020 ஜூன் முதல் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. முறுக்கும் ஊறுகாயும் கொண்டுபோவதானால் எவர்சில்வர் டப்பா. இராணுவ உடை போன்ற பச்சைப் புள்ளித் துணிகளைக் கென்யாவில் பொதுமக்கள் அணியக்கூடாது. காட்டுக்குப் போகிறோம் என்று பலர் அதைத்தான் வாங்குகிறார்கள். அனுமதி இல்லாமல் டிரோன் கூடாது.

டாலர் நோட்டுகள் புதிதாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். 2009க்கு முந்தைய நோட்டுகளைப் பல இடங்களில் வாங்கமாட்டார்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஊரிலேயே திறந்துவிடுங்கள். மின்செருகி செவ்வக வடிவ மூன்று முனை, இங்கிலாந்து வகை. தொலைநோக்கி ஆளுக்கொன்று; இதில் சிக்கனம் பார்த்தால் கணவன் மனைவிக்குள் சண்டைதான். பயணக் காப்பீட்டில் விமான ஆம்புலன்ஸ் அடக்கமா என்று பாருங்கள்; பெரிய மருத்துவமனை என்றால் நைரோபிதான்.

8. விடுதியில் இறங்கிய பிறகு

முதலில் கூடாரத்தின் ஜிப்பை எப்படிப் பூட்டுவது என்று கேளுங்கள். குரங்குகளுக்கு அது நமக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரியும். முதல் நாளே எங்கள் மேசையிலிருந்த எவர்சில்வர் டப்பாவை ஒரு குரங்கு மடியில் வைத்துத் திருகித் திறந்து, முறுக்கைத் தின்றுவிட்டு, எலுமிச்சை ஊறுகாயை மட்டும் முகர்ந்து பார்த்து ஆற்றங்கரையில் வீசிப் போனது. டப்பாவை எடுக்கப் போக விடவில்லை காவலர். ஆற்றில் முதலைகள் இருக்கின்றன. கரையில் காலை நனைக்கும் ஆசையை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

இருட்டிய பின் அறைக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையே தனியாக நடக்கக்கூடாது. விளக்கடித்தால் அஸ்காரி என்று அழைக்கப்படும் காவலர் வந்து கூட்டிப்போவார். முப்பதடி தூரத்துக்கு இது எதற்கு என்று எனக்கும் தோன்றியது. மறுநாள் காலையில் எங்கள் படிக்கட்டை ஒட்டி முறம் அகலத்தில் யானைக் கால்தடம் இருந்தது.

சில விடுதிகளில் மின்சாரம் குறிப்பிட்ட மணி நேரம்தான். கேமரா மின்கலத்தை எப்போது ஏற்றலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சைவ உணவுக்காரர்கள் அஞ்ச வேண்டாம். இந்திய வம்சாவளியினர் தலைமுறைகளாக வாழும் நாடு. சப்பாத்தியும் சமோசாவும் கென்யர்களின் உணவாகவே ஆகிவிட்டன. சுகுமா விகி என்ற கீரைப் பொரியல் நம் வாய்க்கு ஒத்துவரும். முன்பதிவிலேயே சொன்னால் பருப்பும் கிடைக்கும்.

காலைச் சுற்றுக்கு ஆறரைக்கே தயாராக இருங்கள். ஒன்பதரைக்கு மேல் வெயில் ஏறி எல்லாம் நிழலுக்குள் போய்விடும். தென்கென்யாவில் எளிதில் பார்க்க முடியாத ஐந்தை இங்கே கேட்டுப் பாருங்கள்: மெல்லிய வரிகளோடு வட்டக் காது கொண்ட கிரேவி வரிக்குதிரை, வலை போட்டாற்போல் உடல் கொண்ட ஒட்டகச்சிவிங்கி, நேர்க்கொம்பு பைசா ஓரிக்ஸ், பின்னங்காலில் நின்று இலை பறிக்கும் கெரெனுக் மான், நீலச் சாம்பல் கழுத்துள்ள சோமாலி நெருப்புக்கோழி. கிரேவி வரிக்குதிரை உலகிலேயே ஏறக்குறைய 3,000தான் மிஞ்சியிருக்கிறது. சிங்கம் எங்கே, சிறுத்தை எங்கே என்று துரத்தச் சொன்னால் ஓட்டுநரும் துரத்துவார். இவை கண்ணில் படாமலே போகும். ஆற்றோரத்தில் நம் பனை மாதிரியே ஒரு மரம் நிற்கும், ஆனால் கிளைவிட்டு. அது டூம் பனை. என் மனைவி அதைத்தான் அதிகமாகப் படம் எடுத்தார்.

சம்புரு மக்களின் குடியிருப்புக்கு அழைத்துப் போவார்கள். ஆளுக்கு எவ்வளவு, படம் எடுக்கலாமா என்பதைக் கிளம்பும் முன் பேசி முடியுங்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். ஓட்டுநர் வழிகாட்டிக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 10 டாலர் அன்பளிப்பு வழக்கம். மற்ற பணியாளர்களுக்குப் பொதுப் பெட்டி இருக்கும். சில்லறை நோட்டுகளை நைரோபியிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், அங்கே நூறு டாலருக்குச் சில்லறை கேட்டால் சங்கடப்படுவார்கள்.

9. திரும்பும்போது

காப்பகத்திலிருந்து கிளம்பும் அன்றே ஊர் விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். இசியோலோ சாலையில் ஒரு லாரி கவிழ்ந்தால் போதும். நைரோபியில் ஒரு இரவு, அல்லது குறைந்தது இரவு விமானம்.

மஞ்சள் அட்டையைக் கைப்பையில் வையுங்கள். இந்தியாவில் இறங்கியதும் குடியேற்ற வரிசைக்கு முன்பே சுகாதார மேசை இருக்கும். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் ஊசி போட்டிருந்தார். அட்டை மட்டும் சாமான் பெட்டிக்குள். பெட்டியோ குடியேற்றத்துக்கு அந்தப் பக்கம். நாங்கள் வெளியே வரும்வரை அவர் அந்த மேசையருகில்தான் நின்றுகொண்டிருந்தார்.